மைக்ரோபீக்கு ஒரு வாக்கு

மெல்பேர்ணில் ஸ்பிரிங்வேல் சாலையும் டண்டினொங் சாலையும் சந்திக்கும் இடத்தில், 1980களில், டிக் ஸ்மித் எலெக்ட்ரோனிக்ஸ் கடை ஒன்று இருந்தது. ஸ்பிரிங்வேல் இன்று கிரேட்டர் டண்டினொங் மாநகரத்துக்குள் அடங்கும் பகுதி. பக்கத்து டண்டினொங்கோ ஹெய்ன்ஸ், இன்டர்நஷனல் ஹார்வெஸ்டர், ஜெனரல் மோட்டர்ஸ் என்று ஆலைகளால் வளர்ந்த ஊர். சோல்டர் வாசனை பழகிய கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. வீட்டுக் கொம்பியூட்டர் என்ற புதுப்பொருள் அந்தக் கைகளுக்கு எட்டிய இடங்களில் ஒன்று இந்த மாதிரிக் கடை. அமெரிக்க ரிஆர்எஸ்-80ஐப் பார்த்து ஹொங்கொங்கில் செய்த சிஸ்டம் 80, தானே பற்றவைத்துக்கொள்ள வேண்டிய சூப்பர்-80, 1983இல் 199 டொலருக்கு வந்த விஇசட்-200 எல்லாம் டிக் ஸ்மித் விற்றவைதான். எதை வாங்குவது என்ற கேள்வியிலேயே சண்டை தொடங்கிவிடும்.

சண்டை கடுமையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது. கசெற்றை மாற்றிப் போட்டால் வெறும் கீச்சொலிதான் கேட்கும். ஆகவே ஒரு கொம்பியூட்டரை வாங்குகிறவர் அதோடு தன் நண்பர்களையும் வாசிக்கும் சஞ்சிகையையும் போகும் சங்கத்தையும் சேர்த்தே தெரிவுசெய்தார். அப்படித் தெரிவுசெய்ததைச் சனிக்கிழமை தோறும் பிறர் முன்னால் நியாயப்படுத்தியும் ஆகவேண்டும்.

அவுஸ்திரேலியாவில் இந்த ஆர்வத்துக்கு 1980களின் இந்தச் சண்டையைவிட வயது கூட. 1974 ஓகஸ்டில் எலெக்ட்ரோனிக்ஸ் அவுஸ்திரேலியா சஞ்சிகையில் ஜிம் றோ எடியூக்-8 என்ற கொம்பியூட்டரை வீட்டில் கட்டும் முறையை வெளியிடத் தொடங்கினார். மைக்ரோபுரொசசரே இல்லாமல், சாதாரண லொஜிக் சிப்புகளை அடுக்கிச் செய்தது அது. ஒன்பது ஆண்டு கழித்து, டண்டினொங்குக்கு மேற்கே செல்டனமிலிருந்து வந்த டோக்கிங் எலெக்ட்ரோனிக்ஸ் சஞ்சிகை டெக்-1 என்ற ஒற்றைப் பலகைக் கொம்பியூட்டரைத் தந்தது. அதற்குத் திரை கிடையாது. சிவப்பு எண்விளக்குகளும் சில பொத்தான்களும்தான். இப்படி உள்ளே திறந்து பார்த்துப் பழகிய கூட்டம் என்பதால்தான் இவர்களின் வாதம் விளம்பரத்தை ஒப்பிப்பதோடு நிற்கவில்லை. எதிராளியின் கொம்பியூட்டருக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு பேசுகிறவர்கள் அவர்கள்.

அந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை மைக்ரோபீ. ஓவன் ஹில்லின் அப்ளைட் டெக்னோலஜி நிறுவனம் 1982இல், யுவர் கொம்பியூட்டர் சஞ்சிகை வழியாக, 399 டொலர் கிட்டாக வெளியிட்டது. நியூ சவுத் வேல்ஸ் பள்ளிகளுக்குள் போனது. சுவீடனின் பள்ளிகள் வரைக்கும் போனது. நிறம் இல்லை. கீச்சென்று ஒலிப்பதற்கு மேல் சத்தமும் பெரிதாக இல்லை. பிறகு என்னதான் இருந்தது என்று கேட்டால், அதன் கீபோர்டைக் காட்டவேண்டும்.

திரையில் எழுத்து காட்டுவதற்கு 6545 என்ற சிப் அதில் இருக்கிறது. திரையின் ஒவ்வோர் இடத்துக்கும் உரிய முகவரியை அது ஓயாமல் வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். அந்தச் சிப்பில் ஒளிப்பேனா செருகுவதற்கென ஒரு கால் உண்டு. பேனாவின் முனை வெளிச்சத்தைக் கண்ட கணத்தில் எண்ணிக்கை எங்கே நின்றதோ, அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஒளிப்பேனாவை யார் வாங்கப்போகிறார்கள்? மைக்ரோபீயை வடிவமைத்தவர்கள் கீபோர்டை அந்தக் காலில் கட்டினார்கள். சிப் திரைக்காக எண்ணும் அதே எண்ணிக்கை பொத்தான்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்கிறது. அழுத்திய பொத்தானின் முறை வரும்போது ‘பேனா வெளிச்சத்தைக் கண்டது’ என்று சிப் நம்பி முகவரியைக் குறித்துக்கொள்கிறது. அந்த முகவரியைப் படித்தாலே எந்தப் பொத்தான் என்று தெரிந்துவிடும். கீபோர்டைக் கவனிக்கத் தனிச் சிப் வாங்கும் காசு மிச்சம். இதைவிட அழகான சிக்கனத்தை அந்தத் தலைமுறையில் அப்பிள் இரண்டின் டிஸ்க் கட்டுப்பாட்டு அட்டையில் மட்டும்தான் காணலாம். ஸ்டீவ் வோஸ்னியாக் அங்கே எட்டே சிப்புகளில் முடித்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு. முதல் மைக்ரோபீகளின் நினைவகம் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகை. மின்கலம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். செருகியைப் பிடுங்கினாலும் எழுதிய நிரல் போகாது. போட்டிக் கொம்பியூட்டர்களான கொமடோரோ ஸ்பெக்ட்ரமோ வைத்திருந்தவர்கள் கசெற்றைச் சுழற்றிக் காத்திருந்த காலத்தில், மைக்ரோபீயைப் பையில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய், செருகி, விட்ட வரியிலிருந்து தொடரலாம்.

எதிரணி சும்மா இருக்காது. “தம்பி, உங்கட பீயில நிறம் எங்க? பாட்டு எங்க?” என்பதுதான் கொமடோர் 64 காரரின் முதல் அடி. “பாட்டு இருக்கட்டும் அண்ணை, அது லோட் ஆகிறதுக்குள்ள நான் தேத்தண்ணி வச்சுக் குடிச்சிடுவன்” என்பது வழக்கமான பதில். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. கொமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் வினாடிக்கு ஏறக்குறைய 400 பைட்தான் தரும். 32 கிலோபைட் ஏற ஒரு நிமிடம் தாண்டும். அதே நிறுவனத்தின் முந்தைய கொம்பியூட்டரான விக்-20இல் தொடர்முறையில் தரவு அனுப்பும் சிப் ஒன்றின் பிழையைச் சுற்றிக்கொண்டு போகச் செய்த ஏற்பாட்டை 64உம் சுமந்தது. ஆனால் தேர்ந்த கொமடோர் ரசிகர் இங்கேயே விட்டுவிடமாட்டார். அந்த டிரைவுக்குள் சொந்தமாக ஒரு புரொசசரும் 2 கிலோபைட் நினைவகமும் இருந்தன. அது தனிக் கொம்பியூட்டர். அதற்குள் புது நிரலை அனுப்பி, வேறு வேகத்தில் பேசவைக்க முடிந்தது. ஃபாஸ்ட் லோடர் என்ற கலையே அங்கே பிறந்தது.

பாட்டு விஷயத்தில் மட்டும் பதில் சொல்ல ஆளில்லை. பொப் யானெஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப் மூன்று குரலில் பாடும். ஒவ்வொரு குரலும் எப்படி எழுந்து எப்படித் தணியவேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லலாம். அதன் வடிகட்டி ஒரு சிப்புக்கும் அடுத்த சிப்புக்கும் மாறுபடும். ஒரே பாட்டு இரண்டு வீட்டில் இரண்டு மாதிரிக் கேட்கும். ஒலியளவை மாற்றும்போது முதல் சிட்டில் ஒரு ‘டிக்’ சத்தம் வரும். அது குறைதான். அந்த டிக்கை வினாடிக்கு ஆயிரக்கணக்கில் அடுக்கி, நான்காவது குரலாக மத்தளத்தையும் மனிதக் குரலையும் வெளிவரச் செய்தார்கள் இசையமைத்தவர்கள். பின்னால் வந்த 8580 சிப்பில் அந்தக் குறையைத் திருத்திவிட்டார்கள். பழைய பாட்டுகளின் மத்தளம் கேட்கமுடியாத அளவுக்கு மெலிந்துபோனது. எந்தச் சிட் உசத்தி என்று கொமடோர் அணிக்குள்ளேயே இன்றுவரை நடக்கும் வாதம் அங்கிருந்து வந்தது. இந்த உட்சண்டை வெளிச்சண்டையைவிட ரசமானது.

மெல்பேர்ண்காரர் ஒருவர் மைக்ரோபீக்காக வாதாடும்போது அவரை மடக்க இன்னோர் ஆயுதமும் உண்டு. இந்த நகரின் பீம் சொப்ட்வெயார் நிறுவனத்தில் மெல்பேர்ண் பல்கலைக்கழக மாணவர்களான வெரோனிக்கா மெக்லரும் பிலிப் மிச்சலும் ஆக்கிய தி ஹொபிட் 1982இல் வந்து பெயர் வாங்கியது பிரிட்டனின் ஸ்பெக்ட்ரமில். அதே நிறுவனத்தின் தி வே ஒவ் த எக்ஸ்ப்ளோடிங் ஃபிஸ்ட் 1985இல் புகழ்பெற்றது கொமடோர் 64இல். நம் ஊர்த் திறமை முழுக்க வெளியூர்க் கொம்பியூட்டரில் ஓடியது என்றால் உள்ளூர்ப் பெருமை எங்கே? கேட்பதற்குப் பலமான கேள்வி. ஆனால் விற்பனை எங்கே நடந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது; எது நன்றாகக் கட்டப்பட்டது என்பதை அது தொடவில்லை.

அப்பிள் இரண்டு அணிக்கு அவுஸ்திரேலியாவில் ஒரு தனிச் சங்கடம். வோஸ்னியாக் அதில் நிறம் வரவழைத்தது அமெரிக்கத் தொலைக்காட்சியின் என்.ரி.எஸ்.சி. முறையை வைத்து ஆடிய ஒரு தந்திரத்தால். இங்கே பி.ஏ.எல். முறை. தனி அட்டை வாங்கிச் செருகாவிட்டால் இங்கே விற்ற யூரோப்ளஸ் என்ற அப்பிள் வகை கறுப்பு வெள்ளைதான்.

டண்டினொங்கின் தமிழர்களிடையே இந்தப் பேச்சு எழுந்தால் வேறு பெயர்களும் வந்து சேரும். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கட்டிய 386, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை பேசிய மொனிட்டர், இந்தியப் பள்ளிகளுக்கு 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்திறங்கிய பிபிசி மைக்ரோ. சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக்கில் முதல் நிரல் எழுதியவர்கள் மற்ற பேசிக்குகளை மதிப்பதில்லை. அவர்கள் சொல்வது சரி. பெயரிட்ட செயல்முறைகளும், நடுவே அசெம்பிளி எழுதும் வசதியும் இருந்த அந்த மொழிக்குப் பக்கத்தில் கொமடோரின் பேசிக் ஏழைதான். படம் வரையக்கூட அதில் ஒரு கட்டளை கிடையாது.

இந்த வாதங்களைக் கெடுக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: ‘ஒவ்வொன்றும் அதனதன் வகையில் சிறந்ததுதான்.’ கம்பன் விழாப் பட்டிமன்றத்தில் நடுவர் இப்படி எழுந்துபோனால் சபை பொறுக்குமா? கும்பகர்ணனா வீடணனா என்று கேட்ட கேள்விக்கு ஒரு பக்கம் சாய்ந்து, ஏன் சாய்ந்தேன் என்று காட்டவேண்டும். வீட்டுக் கொம்பியூட்டருக்கும் அதுவே முறை. இருப்பதைக் கொண்டு எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை அளவுகோலாக எடுத்தால், எட்டு-பிட் காலத்தின் வாக்கு மைக்ரோபீக்கு. கொமடோரின் அழகு தனக்கென்றே சிப் வார்க்கக்கூடிய பெரிய நிறுவனத்தின் அழகு. மைக்ரோபீ எவரும் வாங்கக்கூடிய சிப்புகளால் ஆனது. அவற்றை அடுக்கிய மூளை மட்டுமே புதிது.

பதினாறு-பிட் காலத்தில் வந்த அமிகா, அட்டாரி எஸ்ரி சண்டை உரத்தது; ஆனால் அதன் குடும்பக் கதை சண்டையைவிடச் சுவையானது. 1984 ஜனவரியில் கொமடோரை விட்டு வெளியேறிய அதன் நிறுவனர் ஜாக் ட்ரமீல் அதே ஆண்டு அட்டாரியின் வீட்டுக் கொம்பியூட்டர்ப் பிரிவை வாங்கினார். கொமடோரிலிருந்து வந்த ஷிராஸ் ஷிவ்ஜி அங்கே எஸ்ரியை வடிவமைத்தார். அட்டாரியின் பழைய சிப்புகளைச் செய்த ஜே மைனர் தொடங்கிய அமிகாவைக் கொமடோர் வாங்கியது. 1985இல் இரண்டும் வெளிவந்தபோது அட்டாரி என்று கொடி பிடித்தவர் கொமடோர் ஆட்களின் வேலையையும், கொமடோர் கொடி பிடித்தவர் அட்டாரி ஆளின் வேலையையும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இப்போதைய வாதம் உதிரிப்பாகங்களைப் பற்றியது. மைக்ரோபீயின் மூளையான இசட்-80 சிப் 1976இல் வந்தது. தனிச் சிப்பாக அதை உற்பத்தி செய்வதை நிறுத்துவதாக சைலொக் 2024இல் அறிவித்தது. கொமடோர் அணிக்கு இது நல்ல பிடி. அவர்களின் கொம்பியூட்டர்கள் நம்பிய 6502 குடும்பத்தின் 65சி02 சிப் இன்றும் புதிதாகத் தயாராகிறது. மைக்ரோபீ அணி அதற்கும் பதில் வைத்திருக்கிறது: கொமடோர் 64க்குள் இருப்பது 6510, நினைவகத்தை மாற்றிக்கொடுக்கும் துறை ஒன்று அதன் உள்ளேயே இருக்கிறது. 65சி02இல் அது இல்லை, கால்களின் வரிசையும் வேறு, அந்நாளைய விளையாட்டுகள் நம்பியிருந்த ஆவணப்படுத்தாத கட்டளைகளும் அதில் ஓடா.