குல்மார்க்: உயரத்தை மட்டும் அளக்கும் பயணக்குறிப்புகள்

குல்மார்க் பற்றித் தமிழில் வந்திருக்கிற பயண வீடியோக்கள், பத்திரிகைக் கட்டுரைகள் எல்லாத்தையும் சில வாரமா ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் மாறினாலும் உருப்படி மாறுவதில்லை. ஸ்ரீநகரில் கார் ஏறுவார்கள், டங்மர்க்கில் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுப்பார்கள், கோண்டோலா டிக்கெட் விலையைச் சொல்வார்கள், முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மேலே போய் ஒரு பிடி பனியை எடுத்து வீசுவார்கள், ஸ்லெட்ஜ்காரர் எவ்வளவு கேட்டார் என்று புலம்புவார்கள். நடுவில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: "இது உலகத்திலேயே இரண்டாவது உயரமான கேபிள் கார்." சிலருக்கு அது ஆசியாவிலேயே முதல் உயரம். தலைப்பிலும் அதுதான், சிறுபடத்திலும் அதுதான்.

குல்மார்க் இந்தியாவின் முதன்மையான பனிச்சறுக்குத் தலம். ஆனால் பனிச்சறுக்கு என்ற விஷயமே இந்தக் குறிப்புகளில் கிடையாது. பின்னணியில் யாரோ இரண்டு பேர் பலகையில் சறுக்கிக்கொண்டு போவார்கள், கேமரா அவர்களைத் தாண்டிப் போய்விடும். கடலுக்குப் போய்விட்டு மணலைப் பற்றி மட்டும் எழுதின மாதிரி இருக்கிறது.

முதலில் அந்த உயரக் கணக்கை முடித்துவிடலாம். குல்மார்க் கோண்டோலாவின் மேல் நிலையம் அபர்வத் மலைத்தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் இருக்கிறது. பெரிய உயரம்தான், சந்தேகமில்லை. ஆனால் வெனிசுவேலாவின் மெரீடா கேபிள் கார் 4,765 மீட்டர் வரை போகிறது. பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2014-லிருந்து ஓடும் கோண்டோலா 4,000 மீட்டரைத் தாண்டி எல் ஆல்ட்டோவுக்கு ஏறுகிறது. அது சுற்றுலாவுக்குக்கூட இல்லை, நம்ம டவுன் பஸ் மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவது. யாரோ எப்போதோ விளம்பரத்துக்கு எழுதின வரி இது. அதை எல்லாரும் காப்பி-பேஸ்ட் செய்கிறார்கள். அது தப்பு என்பதைவிட எனக்குப் பெரிய உறுத்தல் வேறு: சறுக்குமலையைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தமே இல்லை.

ஜப்பானின் நிசேகோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹொக்கைடோ தீவில் உள்ளது. பனிச்சறுக்குப் பைத்தியங்கள் உலகம் முழுக்க இருந்து தேடிப் போகிற இடம். அதன் உச்சி, அன்னுபுரி மலை, 1,308 மீட்டர். ஏற்காடு 1,515 மீட்டர். அதாவது உலகப் புகழ்பெற்ற ஒரு பனிச்சறுக்கு மலையின் உச்சியைவிட நம்ம ஏற்காடு ஏரி உயரத்தில் இருக்கிறது! ராசிபுரத்துக்காரர்களுக்குச் சொல்வதென்றால், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போனால் அன்னுபுரி உச்சிக்குச் சமமான உயரம் அங்கங்கே வந்துவிடும். நிசேகோ அடிவாரமோ சேலம் டவுன் இருக்கிற உயரத்தை ஒட்டித்தான். குல்மார்க் புல்வெளியின் உயரம் சுமார் 2,650 மீட்டர். தொட்டபெட்டாவும் அதே உயரம்தான், 2,637. தொட்டபெட்டாவில் யாரும் சறுக்குவதில்லை.

உயரம் இல்லாமல் நிசேகோவில் அவ்வளவு பனி எப்படி? குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று கிளம்பி ஜப்பான் கடலைக் கடக்கிறது. கடல் அதைவிடச் சூடு. போகிற வழியில் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது, ஜப்பான் கரையில் முதல் மலை தட்டியதும் கொட்டிவிடுகிறது. ஒருநாள் இருநாள் இல்லை, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி முழுக்க இதே வேலை. குல்மார்க்குக்குப் பனி வருவது வேறு வழியில். மத்தியத்தரைக்கடல் பக்கத்திலிருந்து கிளம்பி வரும் மேற்கத்திய கலக்கங்கள்தான் அங்கே மழையும் பனியும். அவை வந்தால் ஒரேயடியாகக் கொட்டும், வராவிட்டால் வாரக்கணக்கில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி காய்ந்துபோய்ப் பழுப்பாகக் கிடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன. கோண்டோலா எத்தனை மீட்டர் உயரம் என்பதை விட, "நீங்கள் போகிற வாரத்துக்கு முந்தின வாரம் கலக்கம் வந்ததா" என்ற கேள்விதான் பயணிக்கு முக்கியம். இதை ஒரு தமிழ் வீடியோவிலும் நான் கேட்கவில்லை.

பனியின் தன்மையைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. எல்லாம் "வெள்ளை வெளேர்". எங்கள் பக்கத்துச் சேகோ ஃபேக்டரிகளில் வேலை செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குச்சிக்கிழங்கு மாவு தொட்டியில் படிந்திருக்கும்போது ஒரு மாதிரி, களத்தில் பாதி காய்ந்தபோது ஒரு மாதிரி, முழுக்கக் காய்ந்து விரலிடுக்கில் வழுக்கும்போது ஒரு மாதிரி. எல்லாம் வெள்ளைதான், ஆனால் மூன்றும் ஒன்றா? ஸ்கீ ஆட்கள் உயிரை விடுவது அந்த மூன்றாவதுக்கு, பவுடர் என்பார்கள். ஹொக்கைடோவில் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவும். அபர்வத்தில் புயல் முடிந்த அடுத்த நாள்கள் அதற்குப் பேர்போனவை. அதற்காகத்தான் வெளிநாட்டுக்காரர்கள் குல்மார்க் வருகிறார்கள், கேபிள் காரின் உயரத்துக்காக அல்ல.

சரி, இப்போது என் தொழில் புத்தி. நகானோ மாவட்டத்தில் ஷிகா கோகென் என்று ஒரு இடம் இருக்கிறது. 1998 ஒலிம்பிக்கில் சில போட்டிகள் அங்கே நடந்தன. ஏறக்குறைய 18 தனித்தனி சறுக்கு மலைகள், ஒரே பாஸ், லிஃப்ட்டாலும் பஸ்ஸாலும் கோர்க்கப்பட்டது. தமிழில் "ரிசார்ட்" என்றால் நீச்சல் குளம் வைத்த ஓட்டல், இல்லாவிட்டால் ஆட்சி ஆட்டம் காணும்போது எம்.எல்.ஏ.க்களைக் கொண்டுபோய் வைக்கும் இடம் என்றுதான் தோன்றும். ஷிகா கோகென் அதுவல்ல, ஒரு தாலுகாவுக்குள் பரந்து கிடக்கும் மலைத்தொகுதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு வலையமைப்பாக வரைந்து பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். சரிவுகள் எல்லாம் ஒருவழிப்பாதை, கீழே மட்டும். லிஃப்ட்டுகளும் பெரும்பாலும் ஒருவழி, மேலே மட்டும். காலையில் கிளம்பின இடத்துக்குத் திரும்பி வரமுடியுமா என்பது எந்த லிஃப்ட் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைப் பொறுத்தது. சாயங்காலம் ஒரு கண்ணி அறுந்தால் அந்தப் பக்கத்து மலையில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கவேண்டியதுதான். மலைகளை இணைக்கும் பாதை சில இடத்தில் சமதளம். ஸ்கீ போட்டவர் கையில் இரண்டு கழி வைத்து உந்திக்கொண்டு போய்விடுவார். ஸ்னோபோர்டுக்காரருக்குக் கழி கிடையாது, ஒரு காலைக் கழற்றி மிதித்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். பரந்த இடம் என்பது பெருமை மட்டுமில்லை, இந்தக் கால்வலியும் சேர்ந்ததுதான்.

குல்மார்க்கை வரைந்தால் கிட்டத்தட்ட ஒற்றைக்கோடு. புல்வெளி, அங்கிருந்து காங்டூரி, அங்கிருந்து அபர்வத் தோள். பிரான்சின் போமகால்ஸ்கி நிறுவனம் கட்டியது. முதல் கட்டம் 1998-லும் இரண்டாவது 2005-லும் ஓட ஆரம்பித்தன. நடுவில் ஒரு நாற்காலி லிஃப்ட், கீழே புல்வெளியில் புதியவர்களுக்குச் சின்ன லிஃப்ட்டுகள். மேலே காற்று பலமானால் இரண்டாம் கட்டம் நிற்கும். அது நின்றால் பெரிய மலை முழுக்க அன்றைக்கு மூடின மாதிரி. மாற்று வழி கிடையாது. ஆனால் இந்த ஒற்றைக்கோட்டின் உச்சியில் இறங்கிவிட்டால் இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் சீர்ப்படுத்தாத மலை, கீழே காட்டுக்குள் புகுந்து டங்மர்க் பக்கமோ பாபாரிஷி பக்கமோ ட்ரங் பக்கமோ போய் இறங்கலாம். இறங்கின இடத்திலிருந்து திரும்பி வர ஜீப். அதாவது ஷிகா கோகெனில் லிஃப்ட் செய்கிற வேலையைக் குல்மார்க்கில் உள்ளூர் டாக்சி டிரைவர் செய்கிறார். அந்த ஊரின் அமைப்பே இதுதான், நம் வீடியோக்காரர்கள் அதே ஜீப்பில் ஏறிக்கொண்டு வாடகை அதிகம் என்று மட்டும் சொல்கிறார்கள்.

இரண்டு ஊருக்கும் ஒரு பொது வரலாறு உண்டு. ஜப்பானுக்கு ஸ்கீ போனது ராணுவம் வழியாக. 1911-ல் ஆஸ்திரிய அதிகாரி தியோடர் ஃபான் லெர்க் நீகாட்டா பக்கம் தகாதாவில் ஜப்பானிய வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார், ஒற்றை நீளக் கழியை வைத்துக்கொண்டு. குல்மார்க்கில் 1927-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஸ்கீ கிளப் ஆரம்பித்தார்கள். 1948-ல் இந்திய ராணுவம் அங்கே தொடங்கின ஸ்கீ பள்ளிதான் இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி. ஜப்பானில் அது ரயிலோடும் பள்ளிக்கூடத்தோடும் சேர்ந்து ஊர் விளையாட்டானது. இங்கே அது ராணுவத்தோடும் சினிமாவோடும் நின்றுவிட்டது. 'பாபி' படத்துக் குடிசை, 'ஆப் கி கசம்' பாட்டு வந்த சிவன் கோயில் இரண்டையும் இன்றும் குல்மார்க்கில் காட்டுகிறார்கள். தமிழனுக்கு அதுவும் இல்லை. நாம் காஷ்மீர் என்று நம்பிப் பார்த்த 'ரோஜா'வின் மலைகள் மணாலியும் நீலகிரியும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் போன ஒரே ஆள் ஆரிஃப் கான், குல்மார்க் சரிவில் வளர்ந்தவர், பெரும் ஸ்லாலோமில் 45-வது இடம். கோண்டோலா உயரத்தைச் சொல்கிறவர்கள் இவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் ரசனைக்குறைவு, அவ்வளவுதானே என்று விட்டுவிடலாம். விடமுடியாத இடம் ஒன்று இருக்கிறது.

தமிழில் பனிச்சரிவு என்றால் பனி மூடிய சாய்வான நிலம். பனிச்சரிவு என்றால் பனி இடிந்து விழுந்து ஆளைப் புதைக்கும் விபத்தும்கூட. "பனிச்சரிவில் விளையாடி மகிழ்ந்தனர்" என்று சுற்றுலாப் பக்கத்தில் வரும், "பனிச்சரிவில் சிக்கிப் பலி" என்று முதல் பக்கத்தில் வரும். சொல் ஒன்றுதான். விசித்திரம் என்னவென்றால், இது அப்படியொன்றும் தப்பான சொல் இல்லை. பனி இடிந்து விழுவது பெரும்பாலும் 30-லிருந்து 45 டிகிரி சாய்வில். திறமையான ஸ்கீ ஆட்களுக்குப் பிடித்த சாய்வும் அதுவேதான். நிலமும் விபத்தும் ஒரே இடம். அதிலும் குல்மார்க் மாதிரி ஒரே புயலில் நிறையக் கொட்டும் மலையில், பழைய அடுக்கின் மேல் புதிய பாரம் திடீரென்று ஏறுகிறது.

2010 பிப்ரவரி 8-ம் தேதி கிலன்மர்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேர் இப்படிப் புதைந்து இறந்தார்கள், மலையே தொழிலாக இருந்தவர்கள். 2023 பிப்ரவரி 1-ம் தேதி அபர்வத்தின் ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டு ஸ்கீ வீரர்கள் இரண்டு பேர். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். இவை எல்லாம் கோண்டோலா மேல் நிலையத்தில் செல்ஃபி எடுக்கும் அதே மலையில். கோண்டோலாவுக்கே 2017 ஜூன் 25-ல் ஒரு நாள் வந்தது. காற்றில் மரம் முறிந்து கம்பியில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நாலு பேர் டெல்லிக் குடும்பம், மூன்று பேர் உள்ளூர் வழிகாட்டிகள். வீடியோக்களில் "தொந்தரவு பண்றாங்க, அவங்களை நம்பாதீங்க" என்று எச்சரிக்கப்படுகிறார்களே, அந்தத் தொழில்காரர்கள்.

நிசேகோவில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? ரிசார்ட் எல்லை முழுக்கக் கயிறு. அதில் எண்ணிட்ட வாசல்கள். ஒவ்வொரு காலையும் எந்த வாசல் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று ரோந்துக் குழு முடிவு செய்கிறது. காற்று, புதுப்பனி, வெப்பம் பார்த்து உள்ளூர்ப் பனிச்சரிவு நிலவரம் தினமும் வெளியாகிறது. வெளியே போகத் தடையில்லை, ஆனால் வாசல் வழியாகத்தான் போகவேண்டும், கயிற்றைக் குனிந்து தாண்டினால் லிஃப்ட் பாஸ் போச்சு. குல்மார்க்கிலும் ரோந்துக் குழு இருக்கிறது, எல்லைக் கயிறு இருக்கிறது, அதற்கு வெளியே போவது உன் பொறுப்பு என்ற விதியும் இருக்கிறது. ஆனால் தமிழ்ச் செய்திகளுக்கு வந்துசேரும் எச்சரிக்கை வேறு வகை: டிஆர்டிஓ-வின் பனி ஆய்வு அமைப்பு கொடுப்பது, "பாரமுல்லா மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேல்" என்ற அளவில். மாவட்டம் முழுக்க ஒரு வரி. நாமக்கல் மாவட்டத்தில் மழைக்கு வாய்ப்பு என்று கேட்டுவிட்டு மாடியில் காயப்போட்ட வடாமை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற கதைதான் அது. சறுக்குகிறவனுக்கு வேண்டியது இந்தத் தோள், இந்தப் பள்ளம், இன்றைக்கு என்கிற அளவு.

அடுத்த குளிர்காலத்தில் இங்கிருந்தும் நிறைய பேர் போவார்கள், போகட்டும். அவர்களுக்காக எழுதுகிறவர்கள் டிக்கெட் விலையைத் தாராளமாகச் சொல்லட்டும். அதற்குப் பக்கத்திலேயே, இரண்டாம் கட்ட நிலையத்தில் இறங்கியதும் கயிறு எந்தப் பக்கம் போகிறது, ரோந்துக் குழுவின் அன்றைய நிலவரத்தை எங்கே பார்ப்பது, அதற்கு அப்பால் கூட்டிப்போகிற வழிகாட்டியிடம் புதைந்தவரைத் தேடும் டிரான்ஸ்சீவரும் மண்வெட்டியும் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது, இவ்வளவுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கினால் போதும். "உலகத்திலேயே இரண்டாவது" என்ற வரியை எடுத்துவிட்டால் அந்த நிமிஷம் கிடைத்துவிடும்.