புயலும் விடியலும்

உருவகம் என்றவுடன் நம் மாணவர் 'மதிமுகம் உவமை, முகமதி உருவகம்' என்று ஒப்புவித்து விடுவர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் 'போல' என்னும் உருபு மறைந்து, உவமையும் பொருளும் ஒன்றாகிவிடும்போது நமது சிந்தனைக்கு என்ன நேர்கிறது? வகுப்பறையில் இதனை நாம் பேசுவதில்லை.

உவமை இரு பொருள்களை அருகருகே நிறுத்துகிறது. எதனால் ஒக்கும், எதனால் ஒவ்வாது என்று வினவ இடந்தருகிறது. தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என உவமத்தை நான்காக வகுத்ததும் இவ்வினாவுக்கு விடையாகவே எனலாம். உருவகமோ அவ்வினாவை மூடிவிடுகிறது. அதன் வலிமையும் ஆபத்தும் இதுவே.

2022இல் இந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அதனைப் 'பொருளாதாரப் புயல்' என்று எழுதியோர் உளர். சேதத்தின் அளவில் ஒப்புமை உண்டு, வினையில் உண்டா? புயலை எவரும் தீர்மானித்து வருவிப்பதில்லை. வரியைக் குறைத்தவர், கடன் வாங்கியவர், இரசாயன உரத்தைத் தடை செய்தவர் யாவரும் அந்த ஒரு சொல்லில் மறைந்துபோயினர். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஆட்சியாளர் சிலரும் உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. புயலின்மீது எவர் வழக்குத் தொடுப்பார்?

பிறரைக் குறைகூறுமுன் நம் அணியையும் நோக்குதல் நேர்மையாகும். முற்போக்குக் கவிதையில் எத்தனை 'விடியல்'கள்! சூரியன் எவருடைய போராட்டத்தாலும் உதிப்பதில்லை. உறங்கிக் கிடப்பவனுக்கும் பொழுது விடிகிறது. சமுதாய மாற்றத்தை விடியலாக்கும் கவிஞன், தன்னையறியாமலே மக்களைக் காத்திருக்கச் சொல்கிறான்.

அவ்வாறாயின் உருவகமே வேண்டாமா? வேண்டும். 'கடன்சுமை' என்பது பழகித் தேய்ந்த சொல்தான். எனினும் சுமை என்றதும் ஏற்றியவன் எவன், சுமப்பவன் எவன் என்ற கேள்வி எழுகிறது. அச்சுமையை மலையகப் பெண்ணின் கொழுந்துக்கூடைக்குள் வைத்துக் காட்டும் கவிஞன் தேய்ந்த சொல்லுக்கு மீண்டும் உயிரளிப்பான்.

ஆதலால், உருவகத்தைக் கண்டவிடத்து அதன் பெயரைக் கேட்பதோடு ஆசிரியர் அமையலாகாது. 'இது எவரைக் காட்டுகிறது, எவரை மறைக்கிறது?' என்றும் கேட்கவேண்டும். அணியிலக்கணம் அன்றுதான் வாழ்க்கைக்குப் பயன்படும் கல்வியாகும்.