வெற்றிக்கு முந்திய நாட்களும் அவற்றைச் சொல்லும் மொழியும்

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முடிவிலிருந்தே தொடங்குகின்றனர். பதக்கம் கழுத்தில் விழுந்த பின்னர், அதற்கு முந்திய ஆண்டுகள் அனைத்தும் அப்பதக்கத்தை நோக்கியே நகர்ந்தவை போலத் தோன்றும். உடற்குறை உடைய ஒருவர் வென்றுவிட்டாலோ, இந்தப் பின்னோக்கிய பார்வை இன்னும் வலுப்பெறுகிறது. விபத்து, துயரம், மனவுறுதி, வெற்றி என நான்கு படிகளில் கதை ஏறி முடிந்துவிடும். இடைப்பட்ட நாட்கள், அதிலும் அயல்நாட்டு விடுதி அறையில் தங்கிப் பயிற்சி செய்த நாட்கள், எங்கே மறைந்தன? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, பாரா விளையாட்டு வீரர்களைப் பற்றிய படங்களையும் எழுத்துகளையும் சற்றே நோக்குவோம். பாரா டிரையத்லான் என்னும் முத்திறப் போட்டியை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம்.

இப்போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி முடித்தாக வேண்டும். பாராலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது 2016-இல், ரியோ நகரின் கோப்பகபானா கடற்கரையில். காலிழந்தோர், கையிழந்தோர், சக்கர நாற்காலியில் வாழ்வோர், பார்வையற்றோர் எனப் பல பிரிவுகள் உண்டு. நீரிலிருந்து கரையேறிச் செயற்கைக் காலை மாட்டிக்கொள்ளும் நேரமும், கையால் சுழற்றும் வண்டியிலிருந்து பந்தய நாற்காலிக்கு மாறும் நேரமும் மொத்தக் கணக்கிலேயே சேரும். ஆகவே, இங்கே ஒரு பட்டையை இறுக்குவதும் விளையாட்டின் பகுதிதான். இதை உணராத எழுத்து, விளையாட்டின் பாதியை விட்டுவிடுகிறது.

பிரிட்டனின் நான்காவது தொலைக்காட்சி அலைவரிசை, 2012 முதல் ஒவ்வொரு பாராலிம்பிக்கை ஒட்டியும் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டு வந்தது. விளம்பரம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் காலத்தில் உடற்குறை உடையோரைப் பற்றிய பொதுப்பார்வையை உருவாக்கியதில் இப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. 2012-இல் வந்த முதற்படம் அவர்களை 'அதிமனிதர்' என்றது. போர்க்களத்துக் குண்டுவெடிப்பும் சாலை விபத்தும் மின்னி மறைய, அடுத்த நொடியே வீரர்கள் களத்தில் நிற்பர். வெடிப்புக்கும் களத்துக்கும் நடுவே இருந்த ஆண்டுகள் கத்தரிக்கோலுக்கு இரையாயின. 2016-இன் படம் இசையும் கொண்டாட்டமுமாக அமைந்தது. முடியும் என்பதே அதன் பல்லவி. உடற்குறை உடையோர் பலரே இதை விரும்பவில்லை. படியேற வழியில்லாத அலுவலகத்தின் முன் நிற்பவனிடம் போய், உன்னால் முடியும் என்று பாடுவதால் என்ன பயன் என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி.

அதனாலோ என்னவோ, 2021-இல் அதே அலைவரிசை தன் சொல்லையே இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தது. 'அதி' தனியாகவும் 'மனிதர்' தனியாகவும் நின்றன. அப்படத்தில் வியர்வையும் கொப்புளமும் சலிப்பும் வருகின்றன. என் மதிப்பீட்டில், நான்கு படங்களிலும் சிறந்தது இதுவே. பயிற்சி நாட்களின் வாடை இதில்தான் அடிக்கிறது. 2024-இல் வந்தது, இத்தனை குறையோடு இவ்வளவு செய்தாரே என்று வியக்கும் இரக்கப் பேச்சை நேரடியாகக் கேலி செய்தது. புவியீர்ப்பும் உராய்வும் காலமும் ஆள்வடிவம் கொண்டு வந்து, எங்களுக்கு எவர்மீதும் இரக்கமில்லை என்பதுபோல் நின்றன. கூர்மையான கற்பனைதான். ஆயினும், பார்ப்பவருக்குப் பாடம் சொல்லும் அவசரத்தில் வீரரின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதை அது மறந்தது.

ஆஸ்திரேலியரான ஸ்டெல்லா யங், தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த பத்திரிகையாளர், 2014-இல் ஆற்றிய உரையொன்றில் இந்நோயை அடையாளம் காட்டினார். நலமாக இருப்போர் ஊக்கம் பெறுவதற்கான பொருளாக உடற்குறை உடையோரைப் பயன்படுத்துவதை அவர் கடுமையாகச் சாடினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் மறைந்தார். அவருடைய வாதத்தை ஏற்றால் நாம் எழுதும் பாராட்டுக் கட்டுரைகளில் எத்தனை மிஞ்சும்? பங்கு மலர்களிலும் ஆண்டு விழாச் சிறப்பிதழ்களிலும் வருபவற்றையும் சேர்த்தே கேட்கிறேன்.

இனி, மாற்றுவழி எது? அது வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளிலேயே கிடக்கிறது என்பேன். இவ்வகைக் குறிப்பில் தேதி இருக்கும்; நீரின் வெப்பம், நீந்திய தூரம், தின்ற சோறு, தூங்கிய நேரம் இருக்கும். படிப்பவர் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் உண்மை இந்தச் சில்லறையில்தான் ஒளிந்திருக்கிறது. நெடுந்தூர விமானப் பயணத்தில் வெட்டுண்ட காலின் நுனி வீங்கும். ஊரில் பொருந்திய செயற்கைக் கால் அங்கே பொருந்தாது. வெப்ப நாட்டில் உறைக்குள் வியர்வை தேங்கி, கால் வழுக்கும், தோல் புண்ணாகும். தண்டுவடம் அடிபட்டவருக்கோ, அடிபட்ட இடத்திற்குக் கீழே வியர்க்கவே வியர்க்காது. உடல் தன்னைத் தானே தணித்துக்கொள்ள இயலாமையால் நீர் தெளித்துக் குளிர்விக்க வேண்டும். பந்தய நாற்காலியும் கைவண்டியும் விமானத்தில் உடையாமல் வந்து சேர்ந்தனவா என்பதே முதல் நாளின் முதற்கவலை. குளியலறை வாசல் நாற்காலி நுழையுமளவு அகலமா என்பது அடுத்தது. இவற்றை எழுதுபவர் வீரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை.

நீரும் கூடப் பகையாகும். 2019 ஆகஸ்டில் டோக்கியோவின் ஒடைபா கடற்பூங்காவில் நடந்த போட்டியில், நீரில் கிருமியின் அளவு மிகுந்ததால் நீச்சல் கைவிடப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் நீந்தாமலே போட்டியிட்டனர். 2024-இல் பாரிஸ் நகரிலும் மழைக்குப் பின் சேன் ஆற்று நீர் தகுதியற்றதாகிப் போக, செப்டம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களில் நடக்கவிருந்த 11 போட்டிகளும் 2-ஆம் தேதி ஒரே நாளில் நடந்தன. விடிந்தால் போட்டி என்று உண்டு உறங்கி எழுந்தவர், இன்றில்லை நாளை என்று கேட்கும் அந்த நாளை எந்த விளம்பரப் படமும் காட்டாது.

பயிற்சி நாட்களைப் பற்றிய எழுத்து மிகவும் தவறிப்போகும் இடம் ஒன்றுண்டு. அது வழிகாட்டியின் இடம். பார்வையற்றோர் பிரிவில் வீரர் தனித்து ஓடுவதில்லை. நீச்சலிலும் ஓட்டத்திலும் ஒரு கயிறு இருவரையும் இணைக்கும். மிதிவண்டியோ இருவர் மிதிக்கும் இரட்டை வண்டி. வழிகாட்டி இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. ஸ்பெயினின் வீகோ நகரைச் சேர்ந்த சுசானா ரொட்ரீகஸ் பிறவியிலேயே நிறமியின்மையால் பார்வை குன்றியவர், மருத்துவர். 2020-இல் கொரோனா பரவியபோது மருத்துவமனைப் பணியும் பயிற்சியும் ஒன்றாக நடந்தன. ஓராண்டு தள்ளி 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் சாரா லோயர் என்னும் வழிகாட்டியோடு தங்கம் வென்றார். அதே பாராலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்திலும் பங்கேற்றார். 2024-இல் பாரிஸில் சாரா பெரஸ் உடன்வர மீண்டும் தங்கம். 'டைம்' இதழ் அவர் படத்தை அட்டையில் இட்டது. மருத்துவர், பார்வையற்றவர், வீராங்கனை என்னும் மூன்று சொற்களின் வியப்பிலேயே எழுத்தாளர் பலர் நின்றுவிட்டனர். இரு சாராக்களும் ஒரு வாக்கியத்தில் வந்து போகின்றனர். ஒரு கயிற்றின் நீளத்தில் வாரக்கணக்காக அயல்நாட்டில் வாழும் இருவரிடையே எழும் பொறுமையும் எரிச்சலும் அல்லவா எழுதப்பட வேண்டியவை?

அமெரிக்கக் கடற்படையின் பிராட் ஸ்னைடர் 2011 செப்டம்பர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் பார்வை இழந்தார். சரியாக ஓராண்டு கழித்து, அதே நாளில் இலண்டனில் நீச்சலில் தங்கம் வென்றார். தேதிகளின் இப்பொருத்தம் கட்டுரையாளர்களுக்கு விருந்தாயிற்று. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 2021-இன் டோக்கியோ வெற்றி. அங்கே அவருக்கு வழிகாட்டியாக ஓடிய கிரெக் பில்லிங்டன் 2016 ஒலிம்பிக்கில் தாமே முத்திறப் போட்டியில் களமிறங்கியவர். தன் பெயருக்காக ஓடியவர், இன்னொருவரின் அடிவைப்புக்குத் தன் அடியை ஒத்திசைக்கக் கற்றார். தேதிப் பொருத்தம் தற்செயல், இது அப்படியன்று.

மெலிஸா ஸ்டாக்வெல் 2004-இல் ஈராக்கில் ஒரு காலை இழந்தவர். ரியோவில் வெண்கலம் வென்றவர். 2020-இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றின் தலைப்பே, தெரிவு செய்வதன் ஆற்றலைப் பேசுகிறது. டோக்கியோவுக்குச் சில வாரங்களே இருந்தபோது மிதிவண்டி விபத்தில் அவருடைய முதுகெலும்பு முறிந்தது. ஆயினும் போட்டியிட்டு ஐந்தாம் இடம் பெற்றார். முறிவை எவரும் தெரிவு செய்வதில்லை. அந்த ஐந்தாம் இடம் நூல் வந்த பின்னர் நேர்ந்தது. எந்தத் தலைப்புக்குள்ளும் அது எளிதில் அடங்காது.

சிரியாவின் இப்ராகிம் அல் ஹுசேனைப் பற்றிய எழுத்துகள்தாம் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கின்றன. யூப்ரட்டீஸ் கரையிலுள்ள தைர் எஸ்-சோர் நகரில், நீச்சல் பயிற்சியாளரான தந்தையிடம் நீந்தக் கற்றவர். 2012-இல் காயமுற்ற நண்பரைத் தூக்கச் சென்றபோது குண்டுவீச்சில் காலை இழந்தார். துருக்கி வழியாக 2014-இல் கிரேக்கத்தை அடைந்தார். ஏதென்ஸில் உணவகத்தில் வேலை செய்துகொண்டே மீண்டும் நீந்தினார். 2016-இல் எலயோனாஸ் அகதிகள் முகாமின் வழியே ஒலிம்பிக் சுடரை ஏந்திச் சென்றார். ரியோவிலும் டோக்கியோவிலும் அகதிகள் அணிக்காக நீந்தி, 2024-இல் பாரிஸில் முத்திறப் போட்டிக்கு மாறினார். செய்தியாளர் எல்லோரும் சுடரைப் படம்பிடித்தனர். அழகான படம்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அயல்நாட்டுப் பயிற்சி என்று நாம் எழுதும் சொல் அவரிடம் வந்ததும் தடுமாறுகிறது. மற்றவர்களின் குறிப்பேட்டில் ஊர் திரும்ப இன்னும் இத்தனை நாள் என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை எழுத அவருக்கு ஊர் இல்லை. ஏதென்ஸின் குளமும் சாலையும் அவருக்கு அயல்நாடா, வீடா என்று கேட்டெழுதிய கட்டுரை எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.