திஸ்ரம் தெரியாத டிஜே

டிஜே ஆக நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம் என்று. அடுத்தது, எந்த ஜானரில் தொடங்கலாம் என்று. முதல் கேள்விக்குக் கையிருப்பைப் பொறுத்து நூறு பதில் வரும். இரண்டாவதற்குக் குரோம்பேட்டை மாடி வகுப்பிலும் சரி, யூடியூப் பாடத்திலும் சரி, ஒரே பதில்தான்: ஹவுஸ். நிமிடத்துக்கு 120 முதல் 128 பீட், நாலுக்கு நாலு, பீட்டுக்கு ஒரு கிக். அது கைக்கு வந்தபின் டெக்னோ. அதற்குப் பிறகு உன் விருப்பம். 2022-ல் தென்னாப்பிரிக்காவின் பிளாக் காஃபி கிராமி வாங்கினார். இப்போது எங்கு பார்த்தாலும் ஆஃப்ரோ ஹவுஸ் மோகம். ஆனாலும் அறிவுரை மாறவில்லை, ஹவுஸுக்கு முன்னால் ஒரு அடைமொழி சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஏன் எல்லாரும் இதிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டால், தமிழ்நாட்டு ஆசிரியர்கள் ஒரு வாதத்தை எடுத்து வைக்கிறார்கள்: கர்நாடக சங்கீதத்துக்கு மாயாமாளவகௌளை எப்படியோ, டிஜேவுக்கு ஹவுஸ் அப்படி. இதைச் சொல்லும்போது சொல்பவர் முகத்தில் வழக்கே முடிந்துவிட்ட களை தெரியும்.

ஹவுஸில் தொடங்குவதற்கு நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. பாட்டின் முதல் 32 அல்லது 64 பீட் வெறும் தாளமாக ஓடும், முடிவும் அப்படித்தான். அது டிஜேவுக்கென்றே விட்டுவைத்த இடம். இரண்டு பாட்டையும் சேர்த்து ஓடவிட்டு, பேஸை ஒன்றில் குறைத்து மற்றதில் ஏற்ற அவகாசம் கிடைக்கும். வேகம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று என்பதால் பிட்ச் ஃபேடரைக் கொஞ்சம் அசைத்தால் போதும். பாட்டு எந்த இடத்தில் திரும்பும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வருகிறது. நல்ல தரத்தில் விலைக்கு வாங்க பீட்போர்ட்டும் பேண்ட்கேம்பும் இருக்கின்றன. டிரம் அண்ட் பேஸின் 174 வேகத்தில் தலையைக் கொடுத்து முதல் வாரமே கன்ட்ரோலரை ஓஎல்எக்ஸில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரே ஜானரைப் பிடித்துக்கொள், அதுவே உன் அடையாளம் என்கிற உப அறிவுரையையும் போகட்டும் என்று விடலாம். ஆறு மாதத்தில் பையன்களே அதை மீறிவிடுகிறார்கள்.

மாயாமாளவகௌளையை மட்டும் அப்படி விட முடியாது. அந்த ராகத்தின் பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே இடைவெளியில் அமைந்தவை. பிள்ளையின் காதும் தொண்டையும் எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் அதில் தொடங்குகிறார்கள். புரந்தரதாசர் வகுத்தது என்பது மரபு. அதுவரை ஒப்பீடு பொருந்துகிறது. ஆனால் ராகத்தில் ஒன்றோடு நின்ற அந்தப் பாடமுறை தாளத்தில் ஒன்றோடு நிற்கவில்லை. சரளி, ஜண்டை எல்லாம் முடிந்தால் அலங்காரம்: துருவம் 14 அட்சரம், மட்டியம் 10, ரூபகம் 6, ஜம்பை 10, திரிபுடை 7, அட 14, ஏகம் 4. முதல் கீதத்தைத் தொடுவதற்கு முன்பே எட்டு வயதுக் குழந்தை ஏழு தாளத்தையும் தொடையில் தட்டிவிடுகிறது. இந்த உவமையைக் கடன் வாங்கியவர்கள் அதில் தங்களுக்கு எதிரான பாதியைச் சௌகரியமாக விட்டுவிட்டார்கள். ஒரு மாணவரை நாலுக்கு நாலோடு நிறுத்திவிடும் முறைக்கு நம் மரபில் முன்மாதிரியே கிடையாது.

என் நெடுநாள் ஆட்சேபம் இதுதான். ஹவுஸில் தொடங்குகிறவர்கள் தங்கள் ஊர்க்காரர்கள் ஆடும் தாளத்துக்குச் செவிடாகிறார்கள்.

தாம்பரத்தில் ஆட்டம் என்றால் பெரும்பாலும் திஸ்ர நடை. டப்பாங்குத்து, சாவு மேளம், ஆடி மாதம் முடிச்சூர்ப் பக்கம் கேட்கும் பம்பை, இவற்றில் ஒரு அடி மூன்றாகப் பிரியும்: தகிட, தகிட. மேற்கத்தியக் குறியீட்டில் ஆறுக்கு எட்டு. ஹவுஸில் அதே அடி இரண்டாகவும் நாலாகவும் பிரியும்: தகதிமி, தகதிமி. இரண்டையும் 125 வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கிக்குகள் அச்சாகப் பொருந்தும், திரையில் கோடுகளும் நேராக நிற்கும். ஆனால் ஹவுஸின் ஹை-ஹேட் அடிக்குச் சரிபாதியில் விழுகிறது. குத்தின் தட்டோ மூன்றில் ஒன்றிலும் மூன்றில் இரண்டிலும் விழுகிறது. இரண்டு கிக்குக்கு நடுவில் எல்லாம் இடித்துக்கொள்ளும். கண்ணுக்குச் சரி, காதுக்கு நாராசம்.

ஹவுஸ் படித்த மாணவர் இதை எதிர்கொள்ளும் விதத்தை வேளச்சேரி – தாம்பரம் சாலை மண்டபங்களில் முகூர்த்த மாதம் ஒன்றில் இரண்டு ரிசப்ஷனுக்குப் போனவர்களே சொல்லிவிடுவார்கள். எக்கோவைப் போட்டுப் பாட்டைக் கரைப்பார், ஒரு சைரன் ஒலியைத் தட்டுவார், மைக்கில் “மேக் சம் நாய்ஸ்” என்று கத்துவார், அடுத்த பாட்டு தொடங்கும். அதற்குள் ஆடிக்கொண்டிருந்த மாமாக்கள் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போயிருப்பார்கள். இன்னும் சிலர் குத்துப்பாட்டுக்கு ஒரு ‘ஹவுஸ் ரீமிக்ஸ்’ தேடி இறக்குகிறார்கள். அதில் மூன்றை நாலாக நீட்டி, தவிலின் துள்ளலை இஸ்திரி போட்டு வைத்திருப்பார்கள். பெயர் என்னவோ அதே பாட்டுதான். ஆடுகிறவரின் தோள் அசையாது.

கருவியும் இந்தச் செவிட்டுத்தனத்துக்குத் துணைபோகிறது. லூப் பொத்தானை அழுத்தினால் 4, 2, 1, அரை, கால் என்றுதான் சுருங்கும். திஸ்ரத்துக்கு வேண்டிய மூன்றில் ஒன்று அந்த வரிசையில் இல்லை. 125-ல் ஓடும் திஸ்ரப் பாட்டை மென்பொருள் சில சமயம் 83 என்றோ 187 என்றோ படித்துவிடும். மூன்றை இரண்டென்றும் இரண்டை மூன்றென்றும் எண்ணுவதால் வரும் கோளாறு அது. வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானைத் திட்டுவது பழைய ஆட்களின் பொழுதுபோக்கு, நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் சிங்க் கொடுத்த எண் தப்பு என்று கண்டுகொள்ளவாவது காது வேண்டும். அந்தக் காதைத்தான் இந்தப் பாடத்திட்டம் வளர்ப்பதில்லை. எண் தப்பாகவே வராத இசையை மட்டும் கையில் கொடுத்துப் பழக்கினால் காது எப்படி வளரும்?

பழைய பாட்டுகள் வந்தால் சங்கடம் இன்னும் கூடும். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பெரும்பாலானவை வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை. பல்லவியில் ஒரு வேகம், இடையிசை முடிந்து சரணத்துக்கு வரும்போது மயிரிழை கூடவோ குறையவோ இருக்கும். மனிதர் வாசித்தால் அப்படித்தான். ‘புன்னகை மன்னன்’ (1986) போலக் கணினி புகுந்த படங்கள் அப்போது விதிவிலக்கு. ஆகவே திரையில் பீட்டைக் காட்டும் கோடுகளை, அதாவது கிரிட்டை, கையால் இடத்துக்கு இடம் நகர்த்தி வைக்க வேண்டும். தொடக்கத்தில் 32 பீட் காலியிடம் யாரும் விட்டுவைக்கவில்லை. புல்லாங்குழலோ ஹம்மிங்கோ தாளமே இல்லாமல் எடுத்துக்கொண்டு போகும். ஹவுஸ் பாடத்தில் பெற்ற நீண்ட மிக்ஸ் என்ற ஒரே ஆயுதம் இங்கே உதவாது.

உதவாததற்கு நேரமும் ஒரு காரணம். விடியும்வரை திறந்திருக்கும் கிளப்புகளில் வளர்ந்தது அந்த நீண்ட மிக்ஸ். ஒரு பாட்டு ஆறேழு நிமிடம், கூட்டத்தை மெல்ல மெல்லச் சூடேற்ற ஒரு முழு இரவு. நமக்கு ஒலி மாசு விதிகள், 2000: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு என்று வாதாடலாம்தான். மண்டபக்காரர் வாதத்துக்கு வரமாட்டார், மெயினை இறக்கிவிடுவார். ஏழு மணி ரிசப்ஷனில் போட்டோவுக்கு நிற்கும் வரிசை குறையவே ஒன்பதாகிறது. மிச்சம் ஒரு மணி நேரம். அதற்குள் தாத்தாவுக்கு எம்ஜிஆர், அத்தைக்கு ராஜா, தம்பிக்கு அனிருத், மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு பஞ்சாபிப் பாட்டு. வேகமும் நடையும் மாறி மாறிப் பாயும் அறுபது நிமிடம். இது மெலோடிக் டெக்னோ செட்டைவிடக் கடினமான வேலை என்பது என் கருத்து. வகுப்பில் இதற்கு ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை. கடைசிப் பாடத்தில் “வெட்டிங் கிக் எல்லாம் சும்மா காசுக்கு” என்ற ஒரு வாக்கியம் வரும்.

அந்த வாக்கியத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ‘லோக்கல்’ என்ற சொல்லை நம் ஊரில் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கவனித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பறையும் சாவு மேளமும் யாருடையவை, அவற்றை வாசித்தவர்களைத் தெருவின் எந்த முனையில் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இந்த ஜானர் தேர்வுக்கு வெளியே நிற்கவில்லை. கறுப்புச் சட்டையும் டெக்னோவும் என்று புறப்படும் சேலையூர்ப் பையன் ஒரு ஜானரை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை, ஒரு தெருவைத் தாண்டி நடக்கிறான். எல்லாரும் அப்படி இல்லைதான். ஆனாலும் குத்து போடச் சொன்னால் முகம் சுளிக்கும் டிஜேக்களை நிறையப் பார்த்தாயிற்று. என் சந்தேகம் தீரவில்லை.

இதில் வேடிக்கை, அவர்கள் தஞ்சம் புகும் இசையே அப்படிச் சுளித்த முகங்களுக்கு முன்னால் பிறந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துக் கொண்டாடினார்கள். அதே ஊரில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பால் விருப்பினர்கள் கூடிய தளத்தில், ஃபிராங்கி நக்கிள்ஸ் அந்த டிஸ்கோவையே வெட்டி ஒட்டி ஆடவைத்தார். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்தது என்பார்கள். அவர் யாருடைய பாடத்திட்டத்தையும் பின்பற்றவில்லை. எதிரில் நின்ற கூட்டம் எதற்கு ஆடுகிறது என்று பார்த்தார். டர்பனில் கோம் இசையைச் செய்த பையன்கள் நேரான கிக்கையே உடைத்துப் போட்டுத் தங்கள் தெருவின் ஆட்டத்துக்கு ஒன்றை உண்டாக்கினார்கள். ஈழத்து வேர் கொண்ட லண்டன் பெண் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் ‘கலா’ (2007) தொகுப்புக்கு உறுமி தேடிச் சென்னைக்கு வந்தார். உறுமி சத்தத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் இபிசாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பு விருந்துகளில் பைலா வராமல் ஆட்டம் முடியாது. அதுவும் ஆறுக்கு எட்டுதான், அங்கே டிஜேக்கள் அதைக் கற்காமல் தப்ப முடியாது. ஆஃப்ரோ ஹவுஸ் விஷயம் எல்லாவற்றையும்விட வினோதம். அதில் மனதை இழுப்பதே நேரான கிக்கின்மேல் பல பாட்டுகளில் மூன்று மூன்றாக ஓடும் தோல் வாத்தியம். தென்னாப்பிரிக்காவின் மூன்றுக்குக் கண்மூடித் தலையாட்டுகிறவர், பெருங்களத்தூரின் மூன்றைக் கேட்டால் ஒலியைக் குறைக்கச் சொல்கிறார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இன்றைய சினிமாக் குத்தும் கணினியில்தான் பிறக்கிறது, கிரிட்டில் அச்சாக உட்காருகிறது. பொத்தேரி விடுதிகளிலும் ஓஎம்ஆர் அலுவலகங்களிலும் இருப்பவர்கள் பாதிப்பேர் தமிழே தெரியாதவர்கள், அவர்களுக்குத் திஸ்ரமாவது ஒன்றாவது. ஐஐடியின் சாரங் விழாவிலேயே ஈடிஎம்முக்கென்று ஓர் இரவு இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் கிரிட்டில் உட்கார்ந்தாலும் மூன்று மூன்றுதான், நாலாகிவிடாது. தமிழ் தெரியாத ராஞ்சிப் பையனும் குத்து வந்ததும் முதலில் குதிக்கிறான். கல்லூரி விழாவுக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர், ரோலண்ட் டிஆர்-808, டிபி-303 உள்ளிட்ட கருவிகளை வைத்துக்கொண்டு டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களைப் பதிவு செய்தார். அதே 303-ஐத் திருகிச் சிகாகோக்காரர்கள் ஆசிட் ஹவுஸ் செய்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அவர் தட்டு அன்று விற்கவில்லை, 2010 மறுவெளியீட்டில்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. எந்த ஜானரில் தொடங்கலாம் என்று அவர் கேட்டிருந்தால் அந்தத் தட்டு வந்திருக்காது.

முதல் மாதத்துக்கு நான் வைக்கும் பாடம் இது. 96 வேகத்தில் ஓடும் திஸ்ரக் குத்து ஒன்று, 144-ல் ஓடும் டெக்னோ ஒன்று. குத்தின் உட்பிரிவுகள் நிமிடத்துக்கு 288. அவற்றை மூன்று மூன்றாக எண்ணினால் 96. இரண்டிரண்டாக எண்ணினால் 144. மிருதங்கம் படிக்கும் பிள்ளைக்கு நடை மாற்றம் என்று சொன்னால் உடனே புரியும். குத்தில் கிக் ஓய்ந்து தட்டு மட்டும் ஓடும் இடமாகப் பிடித்து, அங்கே டெக்னோவின் ஹை-ஹேட்டை மட்டும் முதலில் நுழைத்து, கேட்பவர் காது இரண்டிரண்டாக எண்ணத் தொடங்கியதும் கிக்கை இறக்க வேண்டும். சிங்க் பொத்தான் இதற்கு உதவாது, இரண்டு எண்களும் அதற்கு அந்நியம். கையால்தான் பிடிக்க வேண்டும், பத்து முறையாவது சொதப்பும். அது வந்துவிட்டால் அவர் ஈசிஆர் ரிசார்ட்டில் விடியவிடிய டெக்னோவே போடட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.