தாதர் கைச் சங்கு

புரட்டாசிச் சனிக்கிழமை விடியலில், ஆண்டிமடத்து முந்திரித் தோப்புகளைக் கடந்து வாசல்தோறும் வரும் தாதரின் சேகண்டியோடு கூட எழுகின்ற சங்கநாதத்தைக் கேட்டு வளர்ந்த நாங்கள், அதற்கு உடல் தந்தது கடலடி மணலிலே புதைந்து கிடந்து, குழாய்ப்புழுக்களைத் தின்று, மந்தகதியில் ஆயுளைக் கழித்த ஒரு நத்தை என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிப்பவர் மூச்சடக்கி மூழ்கி எடுத்துவரும்போது அதற்கு வெண்மை கிடையாது. பழுப்புநிறத் தோலொன்று அதைப் போர்த்தியிருக்கும். தோலைச் சுரண்டிய பின்னரே பீங்கான் போன்ற தேகம் பிரகாசிக்கும். வாய்க்குள் விரலை விட்டால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாகத் தட்டுப்படும். ஜாதிச் சங்கை இனங்காண அதுவே லட்சணம். இந்தச் சங்கைப் பற்றி ஹார்னெல் என்ற துரை 1914இல் தனி நூலே எழுதினார். வங்காளத்துச் சுமங்கலிகளின் வளையலுக்காக அறுபடுவதும் இச்சங்கே.

வலம்புரியின் பெருமையைச் சொல்லாதாரில்லை. ஆனால் விஞ்ஞானிகள் கூர்முனையை மேலே வைத்துப் பார்ப்பவர்களாதலால், நாம் வலம்புரி என்று போற்றுவதை அவர்கள் இடப்பக்கம் சுழன்றது என்கிறார்கள்! அபூர்வம் என்பது மெய். அபூர்வமெல்லாம் அழகென்பதை நான் ஒப்பேன். பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டிய சங்கு எந்தக் காதுக்கு?

சங்கின் ரசனை காதில்தான் தொடங்குகிறது. முனையை அறுத்துத் துவாரமிட்டு உதட்டைப் பொருத்தி ஊதினால், உதட்டின் அதிர்வு சுருள்சுருளாக அகன்று செல்லும் உட்குழாயில் வளர்ந்து வெளிப்படுகிறது. ராகம் பாட அதற்கு வகையில்லை. ஒரே ஸ்வரம், அதன் கனம், அது தேய்ந்து மறையும் விதம், இவ்வளவே அதன் ஐசுவரியம்.

ஆண்டிமடம் உள்ள எங்கள் அரியலூர்ச் சீமையே ஆதியில் கடலடியாயிருந்தது. இங்குள்ள பாறைகளில் கல்லாய்ச் சமைந்த நத்தைகளை ஸ்டோலிச்கா என்பவர் 1867-68இல் விவரித்து எழுதினார். அந்த மண்ணில் நின்று ஊதுவதாலோ என்னவோ, எங்கள் தாதரின் இடம்புரியை விஞ்சிய குரலை நான் கேட்டதில்லை. ஒருமுறை வாங்கிப் பார்த்தேன்: விளிம்பில் சிறு உடைவு, முனை உதடு பட்டுப் பட்டு வழுவழுத்திருந்தது. விலைக்குக் கேட்டேன், சிரித்துக்கொண்டே திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தார். ஒரு வாசலில் ஊதுவதற்கு அவருக்குக் கிடைப்பது ஒரு படி அரிசி.