எண் இருக்கிறது, அறை எங்கே?

உத்தனப்பள்ளியைச் சுற்றியுள்ள ஆலைகளில் இன்று ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறார்கள். தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். கைபேசி பாகங்கள் செய்பவர்கள் பலர். விடுதியில் ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்து தங்குகிறார்கள். தூக்கமின்மை, வீட்டு ஏக்கம், ஊரில் நடக்கும் கல்யாணப் பேச்சு, மேற்பார்வையாளரின் வசவு எல்லாவற்றையும் யாரிடம் சொல்வது? அரசும் சந்தையும் சேர்ந்து தரும் பதில், அவர்கள் கையில் இருக்கும் அதே கைபேசிதான்.

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒன்றிய அரசு டெலி மானஸ் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 20 மொழிகளில் பேச வழி உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். இதை வழிநடத்தும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் வாரத்தில் ஒரே நாள் விடுப்பு உள்ளவளுக்கு அந்த 40 கிலோமீட்டரும் தொலைவு. பேருந்துச் செலவில்லாமல், ‘பைத்தியம்’ என்று பெயர் வாங்காமல், நள்ளிரவிலும் ஒரு குரலை எட்ட முடிவது சிறிய விஷயமில்லை. இதை மறுத்துவிட்டு விமர்சனம் செய்வது நேர்மையாகாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அழைப்பவளுக்குத் தனியாகப் பேச ஓர் இடம் உண்டு என்று இந்தச் சேவை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அடுத்த கட்டிலில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்க, இன்னொருத்தி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, ‘சாகலாம்போல இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வாள்? பகிர்ந்து வாழும் விடுதியில் உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளக் கிடைப்பது பெரும்பாலும் குளியலறைக் கதவு மட்டுமே. 2025 நவம்பரில் உத்தனப்பள்ளி அருகே நாகமங்கலத்தில், பெண் தொழிலாளர் விடுதியொன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. பெண்கள் திரண்டு இரவில் போராடினார்கள். அந்தப் போராட்டத்தை மனநலம் பற்றிய கோரிக்கையாகவும் நாம் வாசிக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் மனதைத் திறக்கவும் முடியாது.

பேச வேண்டாமே, தட்டச்சு செய்தால் போதுமே என்பார்கள். பெங்களூருவில் பிறந்த வைசா போன்ற உரையாடு செயலிகள் அதைத்தான் செய்கின்றன. ஊழியர் நலத் திட்டங்களின் வழியாக நிறுவனங்களுக்குள்ளும் வருகின்றன. இதற்கான பதில் பழைய சம்பவம் ஒன்றில் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம், மனநல ஆலோசகர்போல் பதில் எழுதும் எலிசா என்ற நிரலை உருவாக்கி 1966இல் வெளியிட்டார். அது வெறும் நிரல்தான் என்று நன்றாகத் தெரிந்த அவருடைய பெண் செயலாளரே, அதனோடு சில வரிகள் தட்டச்சு செய்ததும், அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். பிறகு அந்த உரையாடல்களைப் பதிவுசெய்து பார்க்கலாமே என்று வைசன்பாம் யோசனை சொன்னபோது, அது வேவு பார்ப்பது என்று எதிர்ப்பு எழுந்தது. இந்தச் சம்பவம் பெரும்பாலும் மனிதர்கள் இயந்திரத்திடம் எளிதில் ஏமாறுவதற்குச் சான்றாகவே சொல்லப்படுகிறது. எனக்கு அந்தப் பெண் ஏமாந்தவராகத் தெரியவில்லை. தட்டச்சுக்கும் தனியறை வேண்டும் என்று கேட்டவர் அவர். அவரால் தன் மேலதிகாரியை வெளியே போகச் சொல்ல முடிந்தது. விடுதித் தொழிலாளி யாரை வெளியே போகச் சொல்வாள்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கும் ரகசியக் காப்பு உண்டு என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது சிகிச்சை தருபவர்களையும் பதிவேடுகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. பக்கத்துக் கட்டிலுக்கும், விடுதிக் காப்பாளரின் காதுக்கும் அதில் பதில் இல்லை. செயலிக்குப் பணம் கட்டுவது முதலாளியாக இருந்தால், பெயர் வெளியே போகாது என்ற உறுதிமொழியைச் சோதித்துப் பார்க்கும் வழியும் தொழிலாளிக்கு இல்லை.

இதனால் கருவியே வேண்டாம் என்றாகிவிடாது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொலைமனநலப் பேருந்து ஒன்றை ஓட்டத் தொடங்கியது. மருத்துவர் சென்னையிலிருந்து திரையில் பேசினார். பேருந்துக்குள் ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. ஊர்களில் நோயாளிகளைக் கண்டறிந்து தொடர்ந்து பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பணியாளர்கள் இருந்தார்கள். அங்கே தொழில்நுட்பத்தோடு சேர்ந்து அறையும் மருந்தும் ஆளும் ஊருக்குள் வந்தன. கைபேசிச் சேவையில் இந்த மூன்றையும் தேடிக்கொள்ளும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது.

ஆகவே உத்தனப்பள்ளியில் நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. ஒவ்வொரு விடுதியிலும் உள்ளே தாழிடக்கூடிய, கேமரா இல்லாத ஒரு பேச்சு அறை. அதன் சாவி நிர்வாகத்திடம் அல்ல, தங்கியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்த குழுவிடம். மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து மாதம் சில நாட்களாவது நேரில் வரும், நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஓர் ஆலோசகர். இரவு ஷிப்டும் வசவும் நோய்க்குக் காரணமென்று அவர் எழுதினால், அதைப் பெயரின்றித் தொகுத்துத் தொழிலாளர் துறைக்கு அனுப்பும் வழி. மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் செயலியால் ஷிப்ட் அட்டவணையை மாற்ற முடியாது. அதை மாற்றக் கேட்க ஆள் வேண்டும்.