அட்டையில் பெண் பெயர்

இளங்கலை வகுப்பில் ஒருமுறை கேட்டேன்: தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய பெண்கள் ஐந்து பேரைச் சொல்லுங்கள். யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள், ஆலங்குடியிலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருத்தி அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். சுஜாதா, புஷ்பா தங்கதுரை, சுபா, இந்திரா சௌந்தர்ராஜன். “அஞ்சாவது பேரு அம்மாவுக்கு ஞாபகம் வரலையாம் மேடம்.”

ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் சுஜாதா ஆனார். வேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். சுரேஷும் பாலகிருஷ்ணனும் சேர்ந்து சுபா. சௌந்தர்ராஜன் தன் பெயருக்கு முன்னால் ஓர் இந்திராவை வைத்துக்கொண்டார். சுபாவை இருவராக எண்ணினால் கணக்கு சரிதான். ஐந்து பேரும் ஆண்கள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவலை வாங்கி, தெருவுக்குள் கைமாற்றி, அட்டை கிழியும்வரை படித்த தலைமுறை அவருடையது. என்னுடையதும்தான். அட்டையில் பெண் பெயர், பெண் படம். உள்ளே பல சமயம் பெண் பிணம்.

ஸ்பெயினிலும் இது நடந்தது. கார்மென் மோலா என்ற பெயரில் வந்த கொடூரமான குற்ற நாவல்கள் அங்கே நன்றாக விற்றன. எழுதுபவர் பாடம் நடத்தும் ஒரு குடும்பப் பெண் என்று வாசகர்கள் நம்பியிருந்தார்கள். 2021இல் பத்து லட்சம் யூரோ மதிப்புள்ள பிளானெட்டா விருது அறிவிக்கப்பட்டபோது மேடையேறியவர்கள் மூன்று ஆண்கள். மாட்ரிட்டில் பெண்களுக்கான புத்தகக் கடை ஒன்று அந்த நூல்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. (பாடம் நடத்திப் பிழைக்கும் எனக்கு அந்த வேடத்தின்மீது தனிக் கோபம் உண்டு.) எழுதியவர் யார், வந்து நில்லுங்கள் என்று விருது கேட்கிறது. எனக்கு விருதுகளில் பிடித்த குணம் அது ஒன்றுதான்.

முதல் குற்ற நாவலுக்கென்றே அமெரிக்காவில் எட்கர் விருது 1946 முதலும், பிரிட்டனில் ஜான் கிரீசி பெயரிலான விருது 1973 முதலும் உண்டு. அங்கும் பெண்கள் சண்டை போட வேண்டியிருந்தது. விருதுகளிலும் மதிப்புரைகளிலும் பெண்கள் விடுபடுவதைப் பார்த்துத்தான் சாரா பாரெட்ஸ்கி முதலியோர் 1986இல் ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் பாட்ரீசியா கார்ன்வெல்லின் முதல் நாவல் ‘போஸ்ட்மார்ட்டம்’ மேற்சொன்ன இரண்டு விருதுகளையும் பெற்றது. அதிலும் கொல்லப்படுபவர்கள் பெண்கள். ஆனால் பிணத்தைப் படித்து உண்மையைச் சொல்பவரும் ஒரு பெண் மருத்துவர். பெண் கொல்லப்படாத, துன்புறுத்தப்படாத திரில்லருக்கு மட்டுமே தருவோம் என்று 2018இல் ஸ்டாஞ்ச் விருது வந்தது. நல்லெண்ணம்தான், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த விதிப்படி கார்ன்வெல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

நம் கதைக்கு வருகிறேன். அம்பை பதின்பருவத்தில் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ சிறுவர்களுக்கான துப்பறியும் கதை. ‘கண்ணன்’ இதழின் போட்டியில் பரிசு பெற்றது. அடுத்து ‘அந்தி மாலை’. பெரியவர்களுக்கான நாவல், அதற்குக் கலைமகள் நாராயணசாமி ஐயர் பரிசு. சிறுமி துப்பறிந்தால் தட்டிக்கொடுப்பார்கள். வளர்ந்தபின் குடும்பம், காதல், மனம் என்று ‘தீவிரமாக’ எழுத வேண்டும். அந்தப் பரிசுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது. சுதா குப்தா என்ற மும்பைத் துப்பறிவாளரோடு ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ வந்தது 2014இல். அம்பைக்கு அப்போது எழுபது வயது. நடுவே ஐம்பது ஆண்டுகள் போயிருந்தன. 2021இல் சாகித்திய அகாதெமி அவருக்கு விருது தந்தது வேறொரு சிறுகதைத் தொகுப்புக்கு.

அவருக்கு முன்னால் வை.மு. கோதைநாயகி இருந்தார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, அவற்றில் துப்பறியும் கதைகளையும் சேர்த்தவர். மாணவியின் தாளில் ஐந்தாவது இடத்தில் அவர் பெயரை நானே எழுதினேன்.

முதல் குற்ற நாவலுக்கு எட்கர்போல் ஊன்றி நின்ற விருது தமிழில் இல்லை. நாளை யாராவது தொடங்கினால் விதிகளை முதலில் பார்ப்பேன். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதோடு நின்றுவிடுகிறது. அதே வரம்பை இங்கேயும் ஒட்டவைத்தால், பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபிறகு பேனா எடுக்கும் பெண்கள் விண்ணப்பப் படிவத்தைக்கூட வாங்க முடியாது. ‘முதல் நூல்’ என்று மட்டும் விதி எழுதினால், வார இதழ்க் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டவரும் வெளியே நிற்பார். முதல் குற்ற நாவல் என்றிருக்கட்டும், வயது வேண்டாம். சொந்தப் பெயரை நடுவர்களுக்காவது சொல்ல வேண்டும்.

ஆலங்குடி அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது என்று மாணவி சொன்னாள். இப்போதும் கொலையாளி யாரென்று பாதிப் புத்தகத்திலேயே சொல்லிவிடுவாராம்.